வாசகர் கேள்வி – பதில்: பாரிஸ் ஒயின் பாரில் ஒரு பலகை

பிரான்ஸ் பயணத்துக்குத் தயாராகும் வாசகர்களும், அங்கேயே வாழும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் ஒயின் பார், சீஸ் தட்டு, இறைச்சித் தட்டு பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஜூனில் பாரிஸ் போகிறோம். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'பார் அ வன்' என்று ஒரு சின்னக் கடை இருக்கிறது. அது மதுக்கடையா, சாப்பாட்டுக் கடையா? குடும்பத்தோடு போகலாமா?
– வாசகி, புதுச்சேரி

தாராளமாகப் போகலாம். 'பார் அ வன்' என்றால் ஒயின் பார். 'பார்' என்றதும் நம்மூர் இருட்டறை ஞாபகத்துக்கு வரும், அதை மறந்துவிடுங்கள். இருபது முப்பது பேர் உட்காரும் கூடம், சுவர் முழுக்க பாட்டில், அன்றைக்குத் திறந்திருக்கும் ஒயின்களின் பெயர் எழுதிய கரும்பலகை, மூலையில் இறைச்சி சீவும் இயந்திரம் – அவ்வளவுதான் கடை. பெரிய சமையலறைக்கு இடம் கிடையாது. அடுப்பே இல்லாமல் பரிமாறக்கூடிய சீஸும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் இங்கே முக்கிய உணவானதற்கு அதுவும் ஒரு காரணம். மரப்பலகையில் வைத்துத் தருவதால் அதற்கு 'ப்ளான்ஷ்' என்று பெயர். பிள்ளைகள் உங்களோடு உட்காரலாம். 18 வயது ஆகாதவர்களுக்கு மது தரமாட்டார்கள்.

கடைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று முழு பார். ஒரு கோப்பை ஒயின் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போகலாம். இன்னொன்று 'காவ் அ மான்ஷே'. அடிப்படையில் இது பாட்டில் விற்கும் கடை, நாலு மேசை போட்டிருப்பார்கள். இவர்களில் பலரிடம் உணவகத்துக்கான உரிமம் மட்டுமே இருக்கும். அந்த உரிமத்தின்படி சாப்பாட்டோடு சேர்த்துத்தான் மது பரிமாறலாம். அதனால் "சாப்பிட என்ன?" என்று கேட்டால் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், சட்டம் அப்படி. அலமாரியிலிருந்து நீங்களே பாட்டிலை எடுத்துக் கொடுக்கலாம். கடை விலையோடு 'த்ருவா த பூஷோன்' என்று திறப்புக் கட்டணம் ஒன்று சேரும். நல்ல பாட்டிலை நியாய விலையில் குடிக்க இதைவிடத் தோதான வழி பாரிஸில் குறைவு. திறப்புக் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாலை ஆறிலிருந்து எட்டு வரை கூட்டம் மொய்க்கும். வியாழன், வெள்ளி, சனியில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. கதவைத் திறந்ததும் முதல் வேலை "போன்ஸ்வார்", அதாவது மாலை வணக்கம், சொல்வது. அதைச் சொல்லாமல் நேராக மேசையைக் கேட்டால் அன்று மாலை முழுக்க உபசரிப்பு வறண்டு போகும். விலாசம் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறோம்: 1980இல் தொடங்கிய 'வில்லீஸ் ஒயின் பார்', கொஞ்சம் எடுப்பான இடம், அலிக்ர் சந்தைக்கு அருகே 'ல பரோன் ரூஜ்', பீப்பாய்களைச் சுற்றி நின்றபடியே குடிக்கிற இடம். சந்தைக் கூடையோடு ஆட்கள் வந்துபோகும் அந்த இரண்டாவதற்கே எங்கள் ஓட்டு.

மெனுவில் 12 செ.லி., 25 செ.லி., 50 செ.லி., பாட்டில் என்று நாலு விலை போட்டிருக்கிறது. எது லாபம்?
– வாசகர், சென்னை

செ.லி. என்பது சென்டிலிட்டர். 12 என்றால் 120 மில்லி. பாட்டில் 750 மில்லி, அதாவது 12.5 செ.லி. கோப்பையாக ஊற்றினால் சரியாக ஆறு. கோப்பை 7 யூரோ, அதே ஒயின் பாட்டில் 30 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நாலு கோப்பை 28, ஐந்து 35. ஐந்தாவது கோப்பையில் பாட்டில் லாபமாகிவிடுகிறது. ஆனால் இறைச்சியும் சீஸும் சேர்ந்த கலப்புப் பலகை வாங்கினால் இறைச்சிக்கு ஒரு ஒயின், சீஸுக்கு வேறு ஒயின் தேவைப்படும். எனவே இரண்டு பேர் என்றால் கோப்பை, நாலு பேர் என்றால் பாட்டில்.

கோப்பையாக வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. பாட்டில் எப்போது திறந்தது என்று தெரியாது. திறந்த ஒயினில் காற்றுப் படப்படப் பழ வாசனை போய், வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறிய வாசனை வரும். எப்போது திறந்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. நல்ல கடையில் பளிச்சென்று பதில் சொல்வார்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலைத் தொட்டாலே குற்றம். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு அந்த எல்லை 0.2. "இரண்டு கோப்பை வரைக்கும் பரவாயில்லை" என்ற ஊர்க்கணக்கு 10 கிராம் ஆல்கஹால் உள்ள கோப்பைக்குச் சொன்னது. 13 சதவீத ஒயின் 12.5 செ.லி. ஊற்றினால் அதில் ஏறக்குறைய 13 கிராம் இருக்கிறது. மெட்ரோவில் போங்கள்.

நாங்கள் மூன்று பேர். ஒரு 'மிக்ஸ்த்' (கலப்பு) பலகை போதுமா? அதில் என்னென்ன வரும், எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், லா கூர்நெவ்

கொறிப்பதற்கென்றால் மூவருக்கு ஒன்று போதும். அதுவே இரவுச் சாப்பாடு என்றால் தலைக்கு 100 முதல் 120 கிராம் இறைச்சி, 80 முதல் 100 கிராம் சீஸ், அதற்கு மேல் ரொட்டி வேண்டும். சில கடைகளில் எடையே எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் எத்தனை பேருக்கானது என்று கேட்டு, ஒன்றைச் சொல்லிவிட்டு, போதாவிட்டால் இன்னொன்று வாங்குங்கள். பலகை ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடும். முதலிலேயே இரண்டைக் குவித்தால் இரண்டாவது காய்ந்துபோகும்.

இனி பலகையைப் பார்ப்போம். காகிதம்போல் சீவியிருப்பது 'ஷாம்போன் க்ரூ', வேகவைக்காத, உப்பிலிட்டு மாதக்கணக்கில் தொங்கவிட்ட பன்றித் தொடை. பயோன் ஊர்ப் பெயர் போட்டிருந்தால் குறைந்தது 7 மாதம் பக்குவப்பட்டிருக்க வேண்டும். ஒரு சீவலை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கொழுப்பு விளிம்பு மெழுகுபோல் லேசாக மினுங்க வேண்டும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரம் கருத்துச் சுருண்டிருந்தால் மத்தியானமே சீவி அடுக்கிவிட்டார்கள் என்று பொருள். இறைச்சியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பதற வேண்டாம். புரதம் உடைந்து படிகமான டைரோசின் அது, நன்றாகப் பக்குவமானதன் அடையாளம். பழுத்த கோந்தே சீஸில் பல்லில் நறநறப்பதும் உப்பல்ல, அதே பொருள்தான்.

வட்ட வட்டமாக வருவது 'சோசிசோன்', உலர்த்திய தொத்திறைச்சி. மேலே வெள்ளை மாவு பூசியதுபோல் இருப்பது தீங்கில்லாத பூஞ்சை. தோலை உரித்துவிட்டுச் சாப்பிடுவதே வழக்கம். வில்லையின் மேல் எண்ணெய்த் துளிகள் வியர்த்திருந்தால் வெகுநேரம் சூட்டில் கிடந்திருக்கிறது.

குட்டிச் சாடியில் இருப்பது 'ரியெத்'. இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து நார்நாராகப் பிரித்தது. ரொட்டியில் துவையல்போல் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தால் கொழுப்பு உறைந்து வாயில் மெழுகாகப் படியும். பத்து நிமிடம் விட்டுத் தொடுங்கள். செங்கல்போல் வெட்டி வருவது 'தெரின்', அரைத்த இறைச்சியை அச்சில் வேகவைத்தது. அதைத் தடவக் கூடாது. முள்கரண்டியால் துண்டெடுத்து ரொட்டி மேல் வைக்க வேண்டும்.

பக்கத்தில் குட்டி வெள்ளரி ஊறுகாய், 'கோர்னிஷோன்'. கொழுப்பு திகட்டாமல் இருக்க அது வேண்டும். ஆனால் அதைக் கடித்த வாயோடு ஒயினைக் குடித்தால் காடிக்குப் பின்னால் ஒயின் தண்ணீராகத் தெரியும். நடுவில் ஒரு வாய் ரொட்டி போடுங்கள்.

மாடும் பன்றியும் சாப்பிடமாட்டேன். என் தங்கை சுத்த சைவம். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்களுக்கு வாத்து. உலர்த்திய வாத்து நெஞ்சு, 'மாக்ரே', முழுக்க வாத்துதான். ஆனால் வாத்து தெரினிலும் வாத்து சோசிசோனிலும் பன்றி இறைச்சியோ கொழுப்போ கலப்பது சகஜம். 'ப்ரெசாவோலா', 'செசினா', 'வியாந்த் தே க்ரிசோன்' மூன்றும் மாடு. மீதி ஏறக்குறைய எல்லாம் பன்றி. "இலியா தூ போர் ததான்?" என்றால் 'இதில் பன்றி இருக்கிறதா?' என்று பொருள். 'போர்' இருக்குமிடத்தில் 'பஃப்' போட்டுக்கொண்டால் மாடு. பெரும்பாலும் ஒரே இயந்திரத்தில்தான் எல்லாவற்றையும் சீவுவார்கள், ஆசாரம் பார்ப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு வரும் சிக்கல் வேறு. பாலைத் திரிக்கப் பயன்படும் 'ப்ரெஸ்யூர்' கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. கோந்தே, ரோக்ஃபோர் போலப் பெயர் பாதுகாப்புப் பெற்ற பழைய சீஸ்களில் பெரும்பாலானவை விலங்கு உறைபொருளில் செய்தவையே. அது கூடாது என்றால் தாவர, நுண்ணுயிர் உறைபொருளில் செய்த சீஸ் உண்டா என்று கேட்க வேண்டும், சிறு பார்களில் பெரும்பாலும் இருக்காது. சைவம்போலத் தோன்றும் ஆலிவ் துவையல் 'தாப்னாத்'தில் நெத்திலி அரைத்திருப்பார்கள். முழு ஆலிவ், வறுத்த பருப்பு, கொண்டைக்கடலை ஹம்முஸ், ரொட்டி – இவை பயமில்லாதவை.

சீஸுக்கு சிவப்பு ஒயின்தான் என்று படித்துவிட்டு ஒரு போர்தோ வாங்கினோம். ஆட்டுப்பால் சீஸோடு குடித்தபோது இரும்பை நக்கியதுபோல் இருந்தது. ஒயின் கெட்டதா, எங்கள் நாக்கு கெட்டதா?
– வாசகர், மதுரை

இரண்டும் இல்லை, ஜோடிதான் தப்பு. சிவப்பு ஒயினில் இருப்பது டானின். அதன் சுவைக்குத் தமிழில் 'துவர்ப்பு' என்ற சொல் தயாராகவே இருக்கிறது. வாழைப்பூவை ஆய்ந்த விரலும் நாவல்பழம் தின்ற நாக்கும் எப்படி வறளுமோ, அதேதான். எச்சிலில் உள்ள வழவழப்புப் புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது, வாய் காய்கிறது. அந்த வாயில் இளம் ஆட்டுப்பால் சீஸின் புளிப்பும் உப்பும் விழுந்தால் கசப்பும் உலோகச் சுவையும் மேலெழும். ப்ரீ, கமாம்பேர் சீஸ்களின் வெள்ளைத் தோலும் இதே வம்பைச் செய்யும்.

தயிர்சாதத்துக்கு ஏன் எலுமிச்சை ஊறுகாய்? கொழுப்பு பூசிய நாக்கைப் புளிப்பு கழுவிவிடுகிறது. சீஸுக்கும் வேண்டியது அதுவே, அதாவது புளிப்புள்ள வெள்ளை ஒயின். லுவார் ஆற்றங்கரையில் சான்சேர் வெள்ளை ஒயினும் ஷவிஞோல் ஆட்டுச் சீஸும் பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சரக்கு. அங்கே யாரும் வேறு எதையும் தேடுவதில்லை. நாற்றம் பலமான மன்ஸ்டேர் சீஸுக்கு அல்சாஸ் பகுதியின் மணமுள்ள கெவுர்ஸ்ட்ராமினர் ஒயின். உப்பு உறைக்கும் நீல ரோக்ஃபோருக்கு இனிப்பு ஒயின் சோத்தேர்ன், சின்னக் கோப்பையில். கமாம்பேருக்கு, ஒயின் பாரில் சொல்லக் கூடாதுதான், ஆப்பிள் சைடரே மேல்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ஜோடியை விடாதீர்கள். ஜூரா மலைப்பகுதியின் கோந்தே சீஸ், அதே ஊரின் 'வன் ஜோன்'. அந்த மஞ்சள் ஒயினை பீப்பாயில் ஆறு ஆண்டுக்கு மேல், குறைந்ததை நிரப்பாமல் விட்டுவைப்பார்கள். ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி இறங்க, மேலே ஈஸ்ட் ஆடை படரும். பாட்டிலும் 62 செ.லி. கொண்ட குட்டைப் பாட்டில். முகர்ந்தால் வால்நட், அதற்குப் பின்னால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: வெந்தயம். கற்பனை இல்லை. வெந்தயத்துக்கு மணம் தரும் சோடோலோன் என்ற பொருளே இதிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முதல் தடவை முகம் சுளிக்கும் ஒயின் இது, நம்மவர்களுக்கு உடனே பிடிபடும்.

சிவப்புதான் வேண்டுமென்றால் இறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் துவர்ப்பு குறைந்த காமே திராட்சை, அதாவது போஜோலே. 12 முதல் 14 டிகிரியில், சற்றுக் குளிர்ச்சியாகக் கேளுங்கள். 'அறை வெப்பநிலை' என்று 24 டிகிரி கூடத்தில் வைத்த சிவப்பு ஒயின் காரமாக, சாராய நெடியோடு இருக்கும். மிளகாய் போட்ட சோரிசோ தொத்திறைச்சியோடு அது இன்னும் எரியும். பழக்கமான சிவப்பை விட முடியாதவர்கள் சீஸில் கோந்தே போன்ற கடினமான, பழுத்ததைத் தேர்ந்தால் சண்டை வராது.

சீஸ் தோலைச் சாப்பிடலாமா? எதிலிருந்து தொடங்குவது? வெட்டும்போது நண்பர் ஒருவர் கையைத் தட்டிவிட்டார்!
– வாசகர், தஞ்சாவூர்

ப்ரீ மாதிரி முக்கோணத் துண்டின் கூர்முனையை நறுக்கியிருப்பீர்கள். சக்கரத்தின் நடுப்பகுதி அது, பலருக்கு அதுதான் அருமை. அதை ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தோல்தான் மிஞ்சும். முனையிலிருந்து தோல்வரை நீளவாக்கில் சீவினால் எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும். சிறு வட்டத்தை கேக்போல, உருளையை வில்லையாக, நீலச் சீஸைக் கூர்முனைப் பக்கத்திலிருந்து விசிறிபோல வெட்டுங்கள்.

மென்மையிலிருந்து காட்டத்துக்குப் போக வேண்டும்: இளம் ஆட்டுச் சீஸ், வெள்ளைத் தோல், கடினம், நாற்றமானது, கடைசியில் நீலம். சில கடைகளில் பலகையை இதே வரிசையில் அடுக்கித் தருவார்கள். எங்கே தொடங்குவது என்று கேளுங்கள். நீலத்தைத் தொட்ட கத்தி மற்றவற்றைத் தொடக் கூடாது.

வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம். கோந்தேயின் கட்டித் தோலை ஒதுக்குங்கள். மொர்பியே சீஸின் நடுவே ஓடும் கருப்புக் கோடு பூஞ்சையல்ல. கமாம்பேரில் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் பருவம் தாண்டிவிட்டது. நடுவில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. எந்தச் சீஸும் சில்லென்று வந்தால் வாசனை இருக்காது. அப்படி வந்தால் இறைச்சியை முதலில் முடியுங்கள், அதற்குள் சீஸ் இளகிவிடும்.

பணியாளர் கொஞ்சமாக ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், லண்டன்

பாட்டில் வாங்கினால் அது பிடித்திருக்கிறதா என்பதற்கான சோதனை அல்ல, கெட்டிருக்கிறதா என்பதற்கானது. முகர்ந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிவைத்த நிலவறை வாசனை வந்தால் தக்கையிலிருந்து டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் இறங்கியிருக்கிறது. "பூஷொனே" என்று சொன்னால் போதும், மாற்றித் தருவார்கள். நகப்பூச்சு அழிப்பான் நெடி இன்னொரு குறை. அடியில் சர்க்கரைபோல் மின்னும் படிகம் குறையே அல்ல.

'இயற்கை ஒயின்' விற்கும் கடைகளில் கலங்கலும் லேசான நுரையும் வழக்கம், அதற்காகத் திருப்ப முடியாது. விழுங்கிச் சில நொடி கழித்து எலிக்கூண்டு வாடை நாக்கின் பின்பக்கம் கிளம்பினால் அது வேறு. பிரெஞ்சிலேயே அதற்கு 'எலிச் சுவை' என்று பெயர். முகர்ந்தால் தெரியாது, விழுங்கிய பிறகே தெரியும். எனவே அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கோப்பையாக வாங்குபவர்கள் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம். அங்கே மட்டும் 'பிடிக்கவில்லை' என்பதும் செல்லும்.

சிவப்பு ஒயின் குடித்தால் தலைவலி. சல்ஃபைட் காரணமாமே?
– வாசகி, திருச்சி

ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் மேல் பழி போடுவது எளிது. ஆனால் ஐரோப்பிய விதிப்படி உலர் வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 200 மி.கி. வரை அனுமதி, சிவப்பில் 150தான். வெள்ளை குடித்தால் வலிக்கவில்லை, சிவப்புக்கு மட்டும் வலிக்கிறது என்றால் கணக்கு இடிக்கிறது. உப்பு இறைச்சியோடு தண்ணீரே குடிக்காமல் மூன்று கோப்பை போனதா என்று முதலில் பாருங்கள்.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பலகையில் அவள் எதைத் தொடலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஒயின் ஒரு துளியும் கூடாது. காய்ச்சாத பாலில் செய்த மென் சீஸ், உலர் இறைச்சி, ரியெத், தெரின் எல்லாவற்றையும் விலக்குங்கள். லிஸ்டீரியா கிருமி பயம். கோந்தே போன்ற சூடாக்கி அழுத்திச் செய்த கடினச் சீஸைத் தோல் நீக்கிச் சாப்பிடலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் பச்சைப்பால் மென் சீஸ் வேண்டாம்.

தண்ணீருக்கும் ரொட்டிக்கும் காசா? டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், சேலம்

"யூன் காராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். 'தண்ணீர்' என்று மட்டும் கேட்டால் புட்டித் தண்ணீர் வந்து பில்லில் ஏறும். பலகையோடு வரும் ரொட்டி தீர்ந்தால் இன்னும் கேட்கலாம். மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மனமிருந்தால் ஒன்றிரண்டு யூரோ சில்லறையை மேசையில் விட்டு வாருங்கள்.

இதையே வீட்டில் ஆறு பேருக்கு வைக்க என்ன வாங்க வேண்டும்?
– வாசகி, பாரிஸ் புறநகர்

அதுவே சாப்பாடு என்றால் சீஸ் 600 கிராம், நாலே வகை: ஆடு ஒன்று, வெள்ளைத் தோல் ஒன்று, கோந்தே, நீலம். எட்டு வகை வாங்கி எதுவும் போதாமல் போவதைவிட இது மேல். இறைச்சி 700 கிராம், மூன்று வகை. பகெத் ரொட்டி மூன்று. ஒயின் மூன்று பாட்டில், அதில் இரண்டு வெள்ளை. சீஸை ஒரு மணி நேரம் முன்பும் இறைச்சியை இருபது நிமிடம் முன்பும் வெளியே எடுங்கள். வெள்ளை ஒயின் மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் இருக்கட்டும், சிவப்புக்கும் அரை மணி கொடுங்கள். மிஞ்சிய சீஸைக் கடையில் சுற்றித் தந்த தாளிலேயே சுற்றிக் காய்கறித் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்து, இரண்டு நாளில் கசக்கும். நீலத்துக்கு மூடிபோட்ட தனி டப்பா வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் தோசை மாவிலும் அதன் வாசனை அடிக்கும்.